வாந்திபேதியும் சட்டமும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திற் சுகாதார ஆராய்ச்சி

1831ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள சண்டர்லாந்து என்னுந் துறைமுக நகரில் வாந்திபேதி முதன்முதலாகத் தோன்றியது. 1817 முதலாக வங்காளத்தினின்றும் அலையலையாகப் பரவிய இக்கொள்ளைநோய் உருசியாவையும் செருமானிய நாடுகளையுங் கடந்து அங்கு வந்திருந்தது. காலையில் நலமாயிருந்தவன் மாலையிற் பிணமாதலைக் கண்டு மக்கள் நடுங்கினர். மருத்துவர்க்கோ நோயின் காரணந் தெரியாது. அரசினர் கப்பல்களைத் துறைமுகத்துக்கு வெளியே மறித்தனர். சுகாதார சபைகள் சிலவற்றை அவசரமாக நிறுவினர். 1832ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆம் நாளை நாடு முழுவதற்கும் உபவாச நாளாக விதித்தனர். அவ்வாண்டு முடிவதற்குட் பிரித்தானியாவில் ஏறத்தாழ 32,000 உயிர்கள் மாண்டன. நோய் தணிந்ததும் சபைகளுங் கலைக்கப்பட்டன.

நோய் வரும்போது அஞ்சுதலும் அது நீங்கியதும் மறத்தலுமாயிருந்த இந்நிலையிலிருந்து, குடிநீரையுங் கழிவுநீரையுங் காப்பது ஆட்சியாளரின் நீங்காக் கடமை எனச் சட்டம் வகுக்கும் நிலைக்கு இங்கிலாந்து வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அவ்விடைக்காலத்தில் ஆராய்ச்சி சட்டத்தைத் தோற்றுவித்த வகையும், சட்டம் ஆராய்ச்சிக்கு இடஞ்செய்த வகையும், இவ்விரண்டும் வழிதவறிய இடங்களும் வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்கனவாம்.

இவ்வரலாற்றின் தொடக்கம் சுகாதாரத்தை நோக்கமாகக் கொள்ளாத ஒரு சட்டத்தில் உளது. அக்காலம்வரை இங்கிலாந்திலே பிறப்பு இறப்பு விவரங்கள் முறையாகப் பதியப்படவில்லை. அரச சமயத் திருச்சபையின் கோயில்களில் ஞானஸ்நானமும் அடக்கமும் மட்டுமே குறிக்கப்பட்டு வந்தன. அச்சபையைச் சேராத கிறித்தவர் தம் பிறப்பையும் வழியுரிமையையும் நீதிமன்றத்தில் நிறுவ இயலாது இடர்ப்பட்டனர். இக்குறையை நீக்கும்பொருட்டு 1836ஆம் ஆண்டிற் பதிவுச் சட்டமொன்று இயற்றப்பட்டு, 1837 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. இறப்புப் பதிவிலே மரணத்தின் காரணத்தையுங் குறித்தல் வேண்டுமென்ற ஏற்பாடும் அதனுடன் சேர்ந்து வந்தது. சொத்துரிமையையும் சமய உரிமையையும் காக்கப் பிறந்த சட்டம், எந்த ஊரில் எத்தனை பேர் எந்நோயால் இறக்கின்றனர் என்று கணக்கிடும் வாய்ப்பை ஓர் அரசுக்கு அளித்துவிட்டது. 1839ஆம் ஆண்டில் அப்பதிவகத்திற் சேர்ந்த வில்லியம் ஃபார் என்னும் மருத்துவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அக்கணக்குகளை வகுத்தும் ஒப்பிட்டும் வெளியிட்டு வந்தார். பின்னர் எழுந்த வாதங்கள் யாவும் அவர் தொகுத்த எண்களையே சான்றாகக் கொண்டன.

எண்களைச் சட்டமாக்க முனைந்தவர் எட்வின் சாட்விக். மான்செஸ்ரர் நகரை அடுத்த ஊரொன்றில் 1800ஆம் ஆண்டிற் பிறந்த இவர் சட்டம் பயின்றவர். தத்துவஞானியாகிய பெந்தாமின் இறுதிக் காலத்தில் அவருக்குச் செயலாளராயிருந்தவர். 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தை உருவாக்குவதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. அச்சட்டம், உதவி நாடிய வறியவர்களை வேலையில்லங்களுக்குள் அடைத்து, உதவி கேட்பதையே வெறுக்கும்படி செய்ததால் மக்களின் பகையைத் தேடிக்கொண்டது. ஆயினும் அதை நடத்திய ஆணைக்குழுவின் செயலாளராயிருந்தபோதே சாட்விக் ஓர் உண்மையைக் கண்டார். குடும்பத் தலைவன் காய்ச்சலால் இறப்பின், அவன் மனைவியும் மக்களும் ஊர்வரியிலிருந்தே உணவு பெறவேண்டியவராகின்றனர். ஆகவே வறுமைக்காகச் செலவாகும் பணத்திற் பெரும்பகுதி நோய்க்காகச் செலவாகும் பணமே என அவர் கருதினார்.

இக்கருத்தை அடியாகக் கொண்டு, நாடெங்கும் மருத்துவரிடமிருந்தும் வறியோர் சட்ட அலுவலரிடமிருந்தும் செய்திகளைத் திரட்டி, 1842ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அறிக்கை பெரும்புகழ் பெற்றது. தொழிலாளர் வாழும் முடுக்குகளின் அழுக்கும், நிரம்பி வழியும் மலக்குழிகளும், பல குடும்பங்களுக்கு ஒரே நீர்க்குழாய் இருந்த நிலையும் அதில் விரிவாகக் கூறப்பட்டன. எனினும் படித்தவர் உள்ளத்தைத் தாக்கியது அதிற் கண்ட ஓர் அட்டவணையே. மான்செஸ்ரர் நகரிலே உயர்தொழிலாளரும் கனவான்களும் இறக்கும் சராசரி வயது 38; வணிகர்க்கு 20; தொழிலாளர்க்கு 17. கிராமப்புறமாகிய றட்லாந்திலோ இவ்வெண்கள் முறையே 52, 41, 38 ஆகும். லிவர்ப்பூல் நகரத் தொழிலாளரின் சராசரி வயது 15 மட்டுமே. கிராமத்துக் கூலியாளன் வாழும் அளவே மான்செஸ்ரர் கனவானும் வாழ்ந்தான் என்னும் இவ்வொப்பீடு, செல்வமும் ஒருவனை நகரத்துக் காற்றினின்றுங் காப்பாற்றாது என்று செல்வர்க்கே எடுத்துரைத்தது. ஊர்வரியில் உதவிபெற்ற 43,000 விதவைகளையும் 112,000 அநாதைப் பிள்ளைகளையும் சுட்டி, இக்குடும்பத் தலைவர்களிற் பெரும்பாலோர் தடுக்கக்கூடிய காரணங்களாலே இறந்தனர் என்று அறிக்கை கூறியது. வரிசெலுத்துவோரின் இரக்கத்தைவிட அவர்தங் கணக்குப் புத்தகத்தை நம்பியவர் சாட்விக் எனலாம்.

இவ்வறிக்கையில் இரு பெருங்குறைகள் இருந்தன. இறந்தோரின் சராசரி வயதைக்கொண்டு ஓரூரின் நலத்தை அளத்தல் பிழையான முறையாகும். இளைஞரும் குழந்தைகளும் மிகுதியாக வாழும் நகரத்தில், சுகாதாரம் நன்றாக இருப்பினும் அச்சராசரி குறைந்தே காணப்படும். ஆயுட்காப்புக் கணக்கறிஞராகிய நீசன் என்பவர் 1844ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துக்காட்டினார். நகரங்கள் உயிர்க்கொல்லிகளாயிருந்தன என்னும் முடிவு மெய்யே. அதற்குக் காட்டப்பட்ட அளவுகோலே கோணலானது.

மற்றைக்குறை இதனினுங் கொடியது. எடின்பரோ நகர மருத்துவப் பேராசிரியரான அலிசன், காய்ச்சல் பரவுவதற்குப் பசியும் வறுமையுமே முதற்காரணம் என நெடுங்காலம் வாதித்து வந்தார். சாட்விக்கோ அழுக்கையே முதற்காரணமாகக் கொண்டார். பசி நோயை வளர்க்கும் என்று ஒப்புக்கொள்ளின், வறியவரின் உதவியைச் சுருக்கிய தம் சட்டத்தையே அவர் குற்றஞ்சாட்டியவராவார். கேள்வியைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் அரச அலுவலனிடம் இருந்தமையால், விடையின் எல்லையும் முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது. கூலியும் உணவும் விடுபட, குழாயும் கால்வாயும் ஆராய்ச்சிப் பொருளாயின.

1843ஆம் ஆண்டில் நகரங்களின் நலம்பற்றி ஆராய அரச ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. பாராளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தும் நின்றும் காலங்கழிய, வாந்திபேதி ஐரோப்பாவில் மீண்டும் மேற்கு நோக்கி வரலாயிற்று. 1848ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. பொதுச் சுகாதார சபையொன்று இலண்டனில் அமைக்கப்பட்டு, சாட்விக் அதன் அங்கத்தவருள் ஒருவரானார். வரிசெலுத்துவோரிற் பத்திலொருவர் விண்ணப்பித்தால் ஓரூரில் உள்ளூர்ச் சுகாதார சபை நிறுவலாம். ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் 23க்கு மேற்பட்டோர் இறக்கும் ஊரில், விண்ணப்பமின்றியே அதனை நிறுவலாம். ஃபாரின் பதிவகம் தொகுத்த ஓர் எண், ஓரூரின் ஆட்சிமுறையையே மாற்றத்தக்க சட்டவிதியாயிற்று. அதற்கு முன்னர் இத்தகைய விதி இங்கிலாந்தில் இருந்ததில்லை.

எனினும் இச்சட்டம் வலுவற்றது. மருத்துவ அதிகாரியை நியமித்தல் ஊராரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. இலண்டன் மாநகருக்குச் சட்டம் செல்லாது. மத்திய சபையின் ஆயுளோ ஐந்து ஆண்டுகள் மாத்திரமே. இலங்கையில் 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாற் பட்டினங்களில் ஏற்படுத்தப்பட்ட உள்ளூர்ச் சுகாதார அபிவிருத்திச் சபைகளுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை இச்சட்டத்தைக் கற்பவர் எளிதில் உணர்வர்.

இனி வருவது இவ்வரலாற்றின் துயரமான பகுதி. அழுகும் பொருள்களிலிருந்து எழும் நச்சாவியே நோயை விளைக்கின்றது என்பது அக்கால அறிஞருட் பெரும்பாலாரின் கொள்கை. துர்நாற்றமே நோய் என்று நம்பிய சாட்விக், வீடுகளின் கீழிருந்த மலக்குழிகளை ஒழித்து, அழுக்கை நீரோடு கலந்து விரைவாக வெளியேற்ற வேண்டுமென்றார். இலண்டனில் 1848ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கழிவுநீர் ஆணைக்குழு இதனைச் செய்யலாயிற்று. சாக்கடைகள் தேம்ஸ் நதிக்குட் கழுவிவிடப்பட்டன. அந்நதியிலிருந்தே நீர்க்கம்பனிகள் பல தம் வாடிக்கையாளர்க்குக் குடிநீர் இறைத்து வந்தன. வீடு தூய்மையாயிற்று, குடிநீர் நஞ்சாயிற்று. 1848-49ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் வாந்திபேதியால் இறந்தோர் 53,000க்கு மேற்பட்டனர். இலண்டனில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேர் மாண்டனர். நல்லெண்ணமும் கடின உழைப்பும் நிறைந்த ஓராராய்ச்சி, பிழைபட்ட காரணக் கொள்கையொன்றைச் சட்டத்தின் கையிற் கொடுத்ததன் பயன் இது. அம்மரணங்கள் யாவும் சாட்விக்கால் விளைந்தன என்று கூறுதல் நீதியாகாது. கழிவு பல ஆண்டுகளாகவே நதியிற் கலந்துகொண்டிருந்தது. அவர் அதனை விரைவுபடுத்தினார்.

சாட்விக் வீழ்ந்ததற்கு இப்பிழை காரணமன்று. ஊராட்சிக்காரரும் நீர்க்கம்பனிகளும் சொத்துடையோரும், இலண்டனிலிருந்து வந்த கட்டளைகளைச் சகிக்கவில்லை. கட்டாயத்தின்பேரில் நலம்பெறுவதைவிட வாந்திபேதியையே எதிர்நோக்கலாம் என்னுங் கருத்துப்பட முன்னணிப் பத்திரிகையொன்று எழுதியது. 1854ஆம் ஆண்டிலே சாட்விக் ஆண்டுக்கு 1,000 பவுண் ஓய்வூதியத்துடன் ஒதுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 54. அதன்பின் அவர் அரச பதவி எதனையும் வகித்திலர்.

அதே கோடைகாலத்திலே இலண்டனின் தென்பகுதியில் வேறொருவர் வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரே ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர். வாந்திபேதி நீரின் வழியாகவே பரவுகின்றதென 1849ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறுநூலில் எழுதியிருந்தார். அதனை ஏற்றோர் சிலரே. அவருக்குத் தக்க சான்று கிடைத்தது ஒரு சட்டத்தின் பயனாகவும், அச்சட்டம் அளித்த காலக்கெடுவின் பயனாகவும் ஆகும். 1852ஆம் ஆண்டின் இலண்டன் நீர்ச் சட்டம், கம்பனிகள் கடலேற்றம் எட்டும் பகுதியைவிட்டு மேலே சென்று தேம்சில் நீர் எடுத்தல் வேண்டுமெனவும், அதனை வடிகட்டுதல் வேண்டுமெனவும் விதித்து, அதற்கு 1855 ஓகத்து மாதம்வரை தவணை கொடுத்தது. லம்பெத் கம்பனி 1852ஆம் ஆண்டிலேயே தன் நீரெடுக்கும் இடத்தை மேலே மாற்றிவிட்டது. சதாக்-வொக்சோல் கம்பனியோ தவணையை முற்றாகப் பயன்படுத்தி, நகரத்துக் கழிவு கலந்த நீரையே வழங்கிக்கொண்டிருந்தது. தென்னிலண்டனின் பல பகுதிகளில் இவ்விரு கம்பனிகளின் குழாய்களும் ஒரே தெருவில் அக்கம்பக்கமாகச் சென்றன. 300,000க்கு மேற்பட்ட மக்கள், செல்வரும் வறியரும், ஒரே காற்றைச் சுவாசித்தும் வெவ்வேறு நீரைக் குடித்தும் வாழ்ந்தனர். இத்தகைய சோதனையை எந்த ஆராய்ச்சியாளனாலும் வேண்டுமென்று அமைத்திருக்க இயலாது. அமைக்க நினைத்தலும் அறமன்று.

வாடகைக்குடியிருந்தோர் பலருக்குத் தம் வீட்டு நீர் எக்கம்பனியுடையது என்பதே தெரியாது. ஸ்னோ அதற்கு ஓர் எளிய உபாயங் கண்டார். நீரிற் சிறிது வெள்ளிநைத்திரேற்றைச் சேர்த்தால், அதிலுள்ள உப்பின் அளவுக்கேற்ப வெண்படிவு தோன்றும். கடலேற்றம் எட்டிய பகுதியில் எடுத்த நீரில் உப்பு ஏறத்தாழ நாற்பது மடங்கு மிகுதியாக இருந்தமையால், ஐயம் எழவில்லை. இறந்தோர் வீடுகளின் முகவரியை ஃபாரின் பதிவகம் உதவியது. நோயின் முதல் ஏழு கிழமைகளின் கணக்கு வருமாறு: சதாக்-வொக்சோல் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 மரணங்கள், லம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 மரணங்கள். அதாவது பதினாயிரம் வீடுகளுக்கு முறையே 315, 37 ஆகும். சட்டம் கொடுத்த மூவாண்டுத் தவணை எத்தனை உயிர்களை விலையாகக் கொண்டது என்பதையும் இவ்வெண்களிலிருந்தே அறியலாம். ஸ்னோ அவ்வாறு கணக்கிட்டு எவரையுங் குற்றஞ்சாட்டினார் அல்லர்.

பிறோட் வீதிக் கிணற்றின் கதை இதைவிடப் பெரிதும் அறியப்பட்டது. 1854 ஓகத்து இறுதியில் அவ்வீதியைச் சூழ்ந்து சில நாள்களுள் நூற்றுக்கணக்கானோர் மாண்டதும், செப்டெம்பர் 8ஆம் நாள் ஸ்னோவின் வேண்டுகோளாற் கிணற்றுக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டதும் பாடநூல்களிற் காணப்படும். ஆனாற் கைப்பிடி நீங்குமுன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது. ஸ்னோவின் கொள்கையைத் தகர்க்க எண்ணி வீடுவீடாக விசாரித்த ஹென்றி வைற்ஹெட் என்னும் இளங்குருவானவர், ஈற்றில் அதனையே ஏற்றுக்கொண்டு, கிணற்றை அடுத்த வீட்டிலே நோயுற்ற குழந்தையொன்றின் கழிவு மலக்குழி வழியாகக் கிணற்றிற் கசிந்ததைக் கண்டறிந்தமை கைப்பிடியினுஞ் சிறந்த சான்றாகும்.

இத்துணைச் சான்றுகள் இருந்தும் பொதுச் சுகாதார சபையின் விஞ்ஞானக் குழு 1855ஆம் ஆண்டில் ஸ்னோவின் முடிவை ஏற்க மறுத்தது. அதனைப் பேதைமை என்று தள்ளிவிடலாகாது. ஃபாரே 1852ஆம் ஆண்டில், தேம்ஸ் நதிமட்டத்திலிருந்து நிலம் உயர உயர மரணங் குறைகின்றது என்பதை வியக்கத்தக்க ஒழுங்குடன் கணித்துக் காட்டியிருந்தார். தாழ்ந்த நிலத்தில் ஆவி செறிந்திருக்கும் என்ற கொள்கைக்கு அது மிகப் பொருந்தியது. தாழ்ந்த பகுதிகளே கெட்ட நீரையும் பெற்றன என்பது அப்போது புலப்படவில்லை. இனி, ஸ்னோ அதே ஆண்டிற் பாராளுமன்றக் குழுவின்முன், எலும்பு காய்ச்சுவோர் முதலியோரின் தொழிற்சாலை நாற்றம் கொள்ளைநோயை உண்டாக்காது என்று அத்தொழிலாளர் சார்பிற் சாட்சி கூறினார். தம் கொள்கையின்படி அவர் கூறியது சரியே. ஆயினும் சுகாதாரச் சீர்திருத்தக்காரர் அவரைப் பகைவரெனக் கருதினர்.

மாறாக, அரசின் மருத்துவ அதிகாரியாயிருந்த ஜோன் சைமன் 1856ஆம் ஆண்டில் அவ்விரு கம்பனிகளையும் தாமே ஒப்பிட்டு வெளியிட்ட அறிக்கை அமைதியான முறையிற் பெரும்பணி செய்தது. பதினாயிரம் பேருக்கு லம்பெத் கம்பனியின் மரணத்தொகை 1848-49இல் 125 ஆகவும், நீரெடுக்கும் இடம் மாறியபின் 1853-54இல் 37 ஆகவும் இருந்தது. மாறாத கம்பனிக்கு அது 118இலிருந்து 130 ஆக உயர்ந்தது.

1858ஆம் ஆண்டின் கொடுங்கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தின் சாளரங்களுக்குள் நுழைந்தது. சுண்ணாம்பில் தோய்த்த திரைகளைத் தொங்கவிட்டும் அங்கத்தவர் இருக்க இயலவில்லை. டிஸ்ரேலி கொண்டுவந்த மசோதா மூன்று கிழமைக்குட் சட்டமாகியது. முப்பது இலட்சம் பவுண் கடன்பெறும் அதிகாரத்துடன், பொறியியலாளர் பசல்கெற் நதியின் இருகரையிலும் பெருங்கால்வாய்கள் அமைத்துக் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுசென்றார். பிழைபட்ட ஆவிக்கொள்கையே இம்முறை சரியான வேலையைச் செய்வித்தது. ஸ்னோ அவ்வாண்டு யூன் மாதத்திலேயே 45 வயதில் இறந்துவிட்டார்.

1866ஆம் ஆண்டில் வாந்திபேதி நான்காம் முறையாக வந்து, இலண்டனில் ஏறத்தாழ 5,600 பேரைக் கொன்றது. இறந்தோரிற் பெரும்பாலோர் கீழ்ப்பகுதியினர். அங்கு புதிய கால்வாய்த் திட்டம் இன்னும் முற்றுப்பெறவில்லை. முன்னைய கொள்கையைக் கைவிட்டிருந்த ஃபார், இம்முறை முதலிலேயே குடிநீர்க் கம்பனியை நோக்கினார். வடிகட்டாத நீர் ஒருதுளியேனும் வழங்கப்படவில்லை எனக் கம்பனியின் பொறியியலாளர் பத்திரிகையில் மறுத்தெழுதினார். வாடிக்கையாளர் இருவரோ தம் குழாய்களில் விலாங்குமீன் கண்டதாகச் சாட்சி கூறினர். ஈற்றில், திறந்த நீர்த்தேக்கமொன்றிலிருந்து வடிகட்டாத நீர் கலக்கப்பட்டமை வெளியாயிற்று. 1852ஆம் ஆண்டின் சட்டம் இதனைத் தடுத்தே இருந்தது. சட்டம் பேணப்படுகின்றதா என்று பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

அவ்வாண்டே நிறைவேறிய சுகாதாரச் சட்டம், உள்ளூராட்சியாளர் செய்யலாம் என்றிருந்த பலவற்றைச் செய்தல் வேண்டும் என்று மாற்றியது. 1869இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் அறிக்கையைப் பின்பற்றி, 1872ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதையும் சுகாதார ஆட்சிப் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் மருத்துவ அதிகாரி இருத்தலைக் கட்டாயமாக்கியது. துறைமுகங்களுக்கும் தனிச் சுகாதார அதிகாரம் வகுத்தது. சிதறிக்கிடந்த விதிகள் யாவற்றையும் 1875ஆம் ஆண்டின் பெருஞ்சட்டம் ஒன்றாகத் தொகுத்தது. வாந்திபேதியின் கிருமியைக் கோக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தது அதற்கும் எட்டு ஒன்பது ஆண்டுகள் பின்னராகும். சாட்விக் 1889ஆம் ஆண்டில் வீரர் பட்டம் பெற்று, கிருமிக் கொள்கையை ஏற்காமலே அடுத்த ஆண்டு காலமானார்.

1892ஆம் ஆண்டில், எல்ப் நதியின் நீரை வடிகட்டாது குடித்துவந்த செருமானியத் துறைமுக நகரமாகிய ஹம்பேர்க்கிலே ஏறத்தாழ 8,600 பேர் வாந்திபேதியால் இறந்தனர். அதனை அடுத்திருந்து அதே நதிநீரை வடிகட்டி வழங்கிய அல்தோனா நகரம் பெரும்பாலுந் தப்பியது. ஹம்பேர்க்கிலிருந்து கப்பல்கள் இங்கிலாந்தின் கீழ்க்கரைத் துறைமுகங்களுக்கு வந்துகொண்டேயிருந்தன. நோயாளர் சிலரும் வந்திறங்கினர். துறைமுகச் சுகாதார அதிகாரிகள் அவர்களைப் பிரித்துவைத்தனர். உடன்வந்த பயணிகள் செல்லும் ஊர்களின் மருத்துவ அதிகாரிகளுக்குப் பெயரும் முகவரியும் அனுப்பினர். அவ்வாண்டில் இங்கிலாந்தின் எந்நகரிலும் நோய் பரவவில்லை.